பீரோவின் விலா

அன்று கடையில் இருந்தவர்கள் நாலு பேர்.

ஃபிளெக்ஸ் கடை முதலாளி. மேஜைக்குப் பின்னால்.

பீரோ பட்டறை அண்ணாச்சி. நாற்காலியில்.

அவர் மகளைக் கட்டியவர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். உட்காரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

நான். டிசைன் போடுகிறவள்.

கடை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கை வழியாகத்தான் போகும்.

அண்ணாச்சி மூன்று கதவு பீரோ புதிதாகச் செய்யப்போகிறார். இன்னும் செய்யவில்லை. ஆனால் அவர் புதிதாகத் திறக்கப்போகிற கடைக்கு அதன் படம் வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

"பாக்குதவன் கையப் போட்டுத் தொறக்க வரணும் தாயி. அப்படி நிக்கணும்" என்றார்.

எங்களிடம் இருப்பது போட்டோ திருத்துகிற சாஃப்ட்வேர். பொருளை நிஜம் போல எழுப்பி நிறுத்த அதில் தனி வழி உண்டு என்பார்கள். எங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. திறந்தால் நின்றுவிடும். அதனால் கையால் செய்தேன். முதலில் ஒரு கட்டம். அதன் ஓர் ஓரத்து இரண்டு மூலையையும் உள்ளே இழுத்தால் தகடு பின்னால் தள்ளிப்போய் நிற்கும். பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் இருட்டாக. விளிம்பில் மயிரளவு வெள்ளை. காலடியில் நிழல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நடுவில் மாற்றினால் பீரோ படுத்துவிடும். காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து எங்கள் வீட்டு பீரோவைப் பார்த்துவிட்டு வேலைக்கு வருவேன். கைப்பிடிக்கு மட்டும் இரண்டு நாள். மொத்தம் ஒன்பது நாள். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணாச்சிக்குப் படம் பிடித்துவிட்டது. திரையில் கையை வைத்தே தடவினார். அப்போதுதான் மருமகன் பேசினார்.

"மாமா, இது நெட்டுல கெடக்குத படம். இல்லன்னா ஏஐ போட்டது. ரெண்டு வரி எழுதிக் குடுத்தா அரை நிமிஷத்துல வந்துரும்."

"ஏம்மா, அப்படியா?"

"இல்ல அண்ணாச்சி. நான் செஞ்சது."

"நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" மருமகன் கேட்டார்.

"எட்டு."

சிரித்தார். "இத வாசல்ல மாட்டாதீங்க மாமா. நாளைக்கு எவனாவது என் படத்தத் திருடிட்டீங்கன்னு வந்து நிப்பான்."

அண்ணாச்சி கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வாயில் வெற்றிலை இல்லை. இருந்தும் பேசவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

வேலை செய்த ஃபைலைத் திறந்தேன். வலது ஓரத்தில் லேயர்கள் வரிசையாக வந்தன. படத்தின் ஒரு துண்டுக்கு ஒரு லேயர், கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. ஒன்றை மறைத்தேன். நடுக்கதவு போய்விட்டது. இன்னொன்றை மறைத்தேன். உள்ளே தட்டு தெரிந்தது. அதையும் மறைத்தேன். பின்தகடு.

அண்ணாச்சி குனிந்து பெயர்களை வாசித்தார். "முதுகு. இடது விலா. வலது விலா. நெத்தி. காது… ஏம்மா, இது பீரோவா, ஒங்க வீட்டு ஆளா?" சிரித்தார்.

"லேயருக்கு யாராவது இப்படிப் பேர் வைப்பாங்களா?" மருமகன்.

சாஃப்ட்வேர் தானாக வைப்பது இங்கிலீஷ் பேர். எல்லாம் ஒரே பேர், நம்பர் மட்டும் மாறும். எனக்கு எது எங்கே என்று தெரிய வேண்டாமா? கீலுக்குக் காது. பூட்டுக்குத் தொப்புள். எனக்குப் புரிகிறது, வேலை நடக்கிறது. வேறு யாருக்குப் புரிய வேண்டும்?

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டார். "மாப்ள, இது நம்ம வேலைல்லா! தகடு தகடா வெட்டிச் சேத்திருக்கா. நெட்டுல எடுத்த படத்துக்கு விலா எங்கன இருக்கும்?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்றார் மருமகன்.

சும்மா. ஒருத்தியைத் திருடி என்று சொன்னதுக்குப் பேர் சும்மா.

"எண்ணுங்க" என்றேன்.

"என்னத்த?"

"லேயர. மேல இருந்து."

"விடும்மா, விடு" என்றார் முதலாளி. ஒன்பது நாள் பார்த்தவருக்கு அப்போதுதான் வாய் வந்தது. நான் விடவில்லை. மவுசில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஒண்ணு" என்று ஆரம்பித்தார் மருமகன்.

அண்ணாச்சி பதறிவிட்டார். "கடை தொறக்கப்போற படம் வே! ஒண்ணுன்னா சொல்லுவாவ? லாபம்னு ஆரம்பியும்."

நெல் அளக்கிற ஊர். முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் பேர்.

"லாபம்" என்றார். காது சிவந்திருந்தது. "ரெண்டு. மூணு."

இருபத்தாறில் "போதுமே" என்றார். நான் அடுத்ததை இறக்கினேன். அறுபதுக்கு மேல் தடுமாறி நின்றார். திரும்ப மேலே கொண்டுபோனேன். அவரும் திரும்ப லாபத்திலிருந்து வந்தார். அண்ணாச்சியும் கூடவே விரலை மடக்கினார். இந்தத் தடவை யாரும் போதும் என்று சொல்லவில்லை.

கடைசியில் தரை நிழல் வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நூற்றுப் பதினேழு.