இரண்டு டெஸ்க்டாப்

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப்போட விடமாட்டார் என் கணவர். மேற்கு மாம்பலத்தில் இரண்டே அறை. பரணில் மூடி தொலைந்த குக்கர், பாடாத டிரான்சிஸ்டர், ஒரு மூட்டை மளிகைக்கடைப் பைகள். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் அதே புத்திதான். எவையெல்லாம் வேண்டும் என்று அது கேட்ட இடத்தில் ‘எல்லாம்’ என்று தட்டினார்.

“ஃப்ரீயாக் குடுத்திருக்கான், யாராவது விடுவாளா?”

அப்படித்தான் ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு டெஸ்க்டாப்புகள், அதாவது திரைக்கு இரண்டு விதமான முகப்புகள், குடியேறின. நான் புழங்கியது ஒன்றில்தான்.

குழந்தைக்காக வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை அது ஓடினால் வேலை. ஞாயிறு காலை, டிஸ்க்கில் இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது.

வேண்டாத டெஸ்க்டாப்பை நீக்க உட்கார்ந்தேன். அதன் மென்பொருள் துண்டுகளில், அதாவது பேக்கேஜ்களில், ஒன்றை எடுக்கச் சொன்னால், இதை நம்பி இன்னொன்று இருக்கிறது, முடியாது என்றது. அந்த இன்னொன்றைப் பிடித்தால் அதை நம்பி நாலு. கூட்டுக் குடும்பத்திலிருந்து ஒருவரைத் தனிக்குடித்தனம் அனுப்புகிற கதைதான். நடுநடுவே பால் பொங்கியது, குழந்தை அழுதது, காலிங் பெல் அடித்தது. பின்னால் வந்து நின்ற மாமியார், “நன்னாத்தானே இருந்துது, அதை ஏண்டி அழிக்கறே?” என்றார். நான் அடுத்த பேக்கேஜைத் தேடினேன்.

ஒருவழியாக இடம் கிடைத்தது. சமைத்து, பரிமாறி, பாத்திரங்களைத் தேய்க்கப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் இடமில்லை. சந்தேகம் வந்து சிடி டிரைவைத் திறந்தேன். உள்ளே அந்தச் சிடி இருந்தது.

“ஏன்னா, திரும்பவும் போட்டேளா?”

“ஓசில வந்ததை எதுக்கு வீணாக்கணும்? அது பாட்டுக்கு ஒரு மூலைல இருந்துட்டுப் போறது.”

அழுகை வரவில்லை. கோபம்கூட முழுசாக வரவில்லை, அலுப்புதான் வந்தது. இத்தனை நாள் நானும் என் பாட்டுக்கு ஒரு மூலையில்தான் இருந்திருக்கிறேன் என்று பட்டது.

மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் ரூட் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அது தெரியாமல் எதையும் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. விளக்கேற்றும் நேரத்தில் புரோகிராம் ஓடியது. எழுந்து போய் இட்லிக்கு அரைக்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை காலை ஃப்ளாப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

“பாஸ்வேர்டு தப்புங்கறதே, என்ன அது?”

“ஆபீஸ்லேர்ந்து வந்து சொல்றேன்” என்றேன்.

எதைக் கேட்டாலும் அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போகும் பதில் அது. வேலை இன்னும் கிடைக்கவே இல்லை என்பது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.