மூச்சு மெஷினும் ட்ரெயிலர் பற்றரியும்

என் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் இருக்கிறது. குறட்டை திடீரென்று அடங்கினால் நான் விழித்துக்கொள்வேன். தோளில் தட்டுவேன். பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்; காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. இப்போது மூக்குக்குள் காற்றை ஊதிவிடும் மெஷினும் அதன் முகமூடியும் வந்துவிட்டதால் இருவருமே தூங்குகிறோம்.

ஆகவே அவர், காரின் பின்னால் பூட்டி இழுத்துப்போய் முகாமில் தங்குகிற பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கி வந்தபோது நான் கட்டிலையோ அடுப்பையோ பார்க்கவில்லை. காட்டுக்குள் மெஷினை எது ஓட்டும் என்றுதான் கேட்டேன். முன்பக்கத்தில், கறுப்புப் பெட்டிக்குள் இருந்த பற்றரியைக் காட்டினார். கோடைப் பயணத்தில் அது எங்களைக் கைவிடவில்லை. திரும்பி வந்ததும் பற்றரியை நிறையச் சார்ஜ் பண்ணி, எல்லாச் சுவிட்சையும் அணைத்து, நகருக்கு வடக்கே ஒரு பண்ணைக் காணியில் ட்ரெயிலரை நிறுத்தினோம். அங்கே மின்சாரம் இல்லை.

அடுத்த பயணம் இலையுதிர் காலத்தில்தான் அமைந்தது. இடையில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் எனக்கு அந்தப் பற்றரியின் நினைப்புத்தான். "பாவிக்காத சாமான் எப்பிடி இறங்கும்? நீர் சும்மா யோசிக்கிறீர்" என்பார் அவர்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்து அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் பற்றரியில் வோல்ற் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தேன். நிறைந்த பற்றரி பன்னிரண்டரை வோல்ற்றுக்கு மேலே காட்டவேண்டும். முள் பன்னிரண்டுக்கும் கீழே நின்றது.

"இஞ்சருங்கோ, இதை ஒருக்கா வந்து பாருங்கோ."

"லைற் எரியுதெல்லோ, பிறகென்ன?"

"லைற்றுக்கு எவ்வளவு வேணும்? உங்கட மெஷின் விடியுமட்டும் ஓடவேணும்."

"ஒரு நாள் மெஷின் இல்லாமப் படுத்தா நான் செத்துப்போக மாட்டன்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. முகாம் வாசல் அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் ஓடிப்போய் மின்சாரம் உள்ள இடம் கேட்டேன். எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள். திரும்பி வந்து, "பற்றரியைக் கழட்டுங்கோ, வீட்டை கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் விறகைக் கீழே வைத்தார்.

அவர் பற்றரி கழற்றும் சாவியை எடுக்கப் போனபோது, எது இந்தப் பற்றரியைக் குடித்தது என்று ட்ரெயிலர் முழுக்கத் தேடினேன். அடுப்புக்குக் கீழே, தரையோடு ஒட்டிச் சின்னதொரு பச்சை வெளிச்சம். காஸ் கசிந்தால் கத்துகிற அலாரம். அதற்குச் சுவிட்சே இல்லை. நாங்கள் இல்லாத நாளெல்லாம் அது எங்களைக் காவல் காத்திருக்கிறது, சொட்டுச் சொட்டாகப் பற்றரியைக் குடித்தபடி.

ட்ரெயிலரை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். காரின் பின்பக்கத்தில் பற்றரி. ஒவ்வொரு வளைவிலும் அமிலம் சிந்திவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நெடுஞ்சாலை வரைக்கும் அவர் மெதுவாகவே ஓட்டினார். பிறகு, "பசிக்குதே?" என்றார்.

"ஓம்" என்றேன். சாப்பாடெல்லாம் ட்ரெயிலரில் இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்றில், அந்த நிலக்கீழ் அறையின் யன்னலைத் திறந்துவைத்துச் சார்ஜரைப் பூட்டினார். எனக்கு அதிலும் பயம். வெடிக்குமோ, புகையுமோ என்று படியில் ஏறி இறங்கினேன். அவர் சொந்தக் கட்டிலில், மெஷின் போட்டு, நன்றாகத் தூங்கினார். காலையில் சார்ஜரில் 'நிறைந்தது' என்ற விளக்கு எரிந்தது. திரும்பிப் போய், மிச்சமிருந்த ஒரு நாளை அங்கே கழித்தோம்.

மறுநாள் விடிந்ததும் கண்ணைக்கூடத் துடைக்காமல் மீற்றரோடு வெளியே ஓடினேன்.

"நான் உயிரோடதான் இருக்கிறன். முகத்தைக் கழுவிப்போட்டு வாரும், தேத்தண்ணி ஆறுது" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் வயரைக் கழற்றிப் பற்றரியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். உறைபனிக்காலத்திலும் அது பேஸ்மென்றில் பத்திரமாக இருக்கிறது. கீழே உடுப்புத் தோய்க்கப் போகும்போதெல்லாம் மீற்றரை வைத்துப் பார்க்கிறேன். இறங்கியிருக்காது என்று தெரியும், தெரிந்தும் பார்க்கிறேன்.