சாயம் ஏறாத ஸ்லைடு

பிரசவ விடுப்பு முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த மாதம் அது. பெரம்பலூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். அரியலூரில் மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறினால், மருந்தின் அளவைச் சரியாகச் சொன்னேனா, தொட்டில் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று வழியெல்லாம் யோசனைதான். வகுப்பிலும் சொன்னதையே திரும்பச் சரிபார்ப்பேன். பிள்ளைகள் கிண்டல் செய்வது எனக்கும் தெரியும்.

அன்று செல் பற்றிய செய்முறை வகுப்பு. அவரவர் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி ஸ்லைடில் தடவித் தர, நான் சாயமேற்றிக் கொடுப்பேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பெண்களின் சில செல்களில் உட்கருவின் ஓரமாக ஒரு கரும்புள்ளி தெரியும். ஆண்களுக்கு இருக்காது.

ஒரு மாணவி மட்டும், "மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள்.

"அப்ப நீ எங்க கட்சி" என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். சாயம் நன்றாகவே ஏறியிருந்தது. ஸ்லைடை மெல்ல நகர்த்தி நகர்த்தித் தேடினேன். எங்கும் புள்ளி இல்லை. நிமிர்ந்தபோது இன்னும் இரண்டு பேர் பார்க்க எழுந்து வந்திருந்தார்கள்.

ஸ்லைடை எடுத்துக் கோட் பையில் போட்டுக்கொண்டேன். "இதுல சாயத்தை நாந்தான் சொதப்பிட்டேன். ராத்திரி பூரா பாப்பா தூங்க விடல" என்றேன்.

"மேடம் பாப்பாவையும் ரெண்டு தடவ செக் பண்ணிருப்பாங்க" என்று யாரோ முணுமுணுக்க, சிரிப்பு என் பக்கம் திரும்பிவிட்டது. மாதிரிக்காக என் கன்னத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்லைடை அவளிடம் கொடுத்து வரையச் சொன்னேன்.

மாலையில் அவளைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன். இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றேன்.

"நான் இன்னும் வயசுக்கே வரலைங்க மேடம். அம்மா, வரும் வரும்ங்கிறாங்க. ஹாஸ்டல்ல தெரியக் கூடாதுன்னு மாசா மாசம் நாப்கின் வாங்கி வச்சுக்கிறேன்."

எனக்குத் தெரிந்த பெண் மருத்துவரிடம் நானே கூட்டிப் போனேன். அவள் உடல் பிறவியிலேயே சற்று வேறாக அமைந்தது, பெண்ணாக வளர்ந்தாலும் செல்களில் இருப்பது ஆண்களுக்குரிய குரோமோசோம் என்று பரிசோதனைகளில் தெரிந்தது. வயிற்றுக்குள் முழுதாக வளராமல் இருந்த, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சுரப்பிகளை உரிய நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது வார்டு வார்டாகச் சுற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். பெயர் போடாமல் இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

இன்றும் பாதி வழியில் வீட்டுக்குப் போன் போட்டு, சொன்னதையே திரும்பச் சொல்கிற ஆள்தான் நான். ஆனால் அன்று வகுப்பில் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும், சரிதானா என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.