மண்ணில் இல்லாத தழைச்சத்து

அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். "நீ இழுக்கிற இழுப்புல ஒருநாள் கதவே கையோட வரப்போகுது" என்பான் புருஷன்.

அவளுக்கு வாய்த்த வேலையோ, கணினிக்குள் காடு வளர்ப்பது. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வேர்க்காரி. மரம் மண்ணிலிருந்து தழைச்சத்தை எப்போது, எவ்வளவு எடுக்கும் என்கிற பகுதி முழுக்க அவள் எழுதியது. மரம் ஒன்றும் கிடைத்ததையெல்லாம் வாரி விழுங்காது. இலையில் சத்து நிறைந்தால், போதும் என்று வேருக்குத் தகவல் போகும். குறைந்தால் வேர் கூடுதலாக இழுக்கும். இதைக் கணக்காக்கி, நூறு வருஷத்துக் காட்டை இரண்டு மணி நேரத்தில் வளர்த்துக் காட்டுவாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு, அவளுடைய கணக்கை வைத்து எழுதிய அறிக்கை அமைச்சகத்துக்குப் போக வேண்டும். நூறு வருஷத்துக்குக் காடு மளமளவென்று வளரும், ஆலைகள் விடுகிற கரியமில வாயுவில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும் என்றது அறிக்கை. அதை நம்பி, புகையைக் குறைக்கும் திட்டத்தைத் தள்ளிப்போடப் போகிறார்கள்.

காலையில், பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே புத்தியில், ஒரு கூட்டல் போட்டாள். மண்ணுக்கு வந்த தழைச்சத்தைவிட மரங்களுக்குள் போனது அதிகமாக இருந்தது.

தேடிப் பிடித்துவிட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவளே எழுதிய ஒற்றை வரி. மண்ணில் ஒரு பிடி சத்து இருக்கும்போது பசித்த வேர் இரண்டு பிடி இழுத்தால், இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் நிரல் நின்றுவிடும். அந்தக் காலத்தில் இப்படி நின்று நின்றே உயிரை வாங்கியது. கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என ஒரு ஒட்டுப் போட்டாள். பக்கத்தில் குறிப்பு: 'தற்காலிகம். நாளைக்குச் சரிசெய்யணும்.' எங்கே செய்தாள்! இல்லாத அந்த இரண்டாவது பிடியைத் தின்றே அவளுடைய மரங்கள் இத்தனை காலம் கொழுத்திருக்கின்றன.

மண்ணில் இருப்பதை மட்டும் எடுக்கும்படி வரியை மாற்றி மறுபடி ஓட்டினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஒன்றும் மாறாது, ஒன்றும் மாறாது என்று முணுமுணுத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். நாற்பதாவது வருஷத்தில் காடு வளர்வதை நிறுத்திக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலை போகும், ஒன்பது வருஷத்துப் பெயரும் போகும். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஏதோ தட்டினாள். பிறகுதான் நிலையத் தலைவரின் அறைக்கு மாடி ஏறினாள். மணி மூன்றரை.

தலைவர் முழுதும் கேட்டுவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்கும்மா தெரியும்?"

"எல்லாருக்கும் சார். அமைச்சகத்துக்கும் சேர்த்து."

"என்னம்மா சொல்றே?"

"மேல வர்றதுக்கு முன்னாடியே மெயில் அனுப்பிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்பீங்க சார். நானும் பயந்துபோய்ச் சரின்னு தலையாட்டிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வெளியே வந்தாள். போனை எடுத்து, மெயில் போய்விட்டதா என்று மூன்று தடவை பார்த்தாள்.