இரண்டு வயலினுக்கும் ஒரு மிருதங்கத்துக்கும்

எனக்குப் பெருமை பேசப் பிடிக்கும்; இதில் பேசாமல் வேறு எதில் பேசுவது? ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில், இரண்டு வயலினுக்கும் ஒரு மிருதங்கத்துக்குமாக நான் ஓர் உருப்படி அமைத்தேன். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். நான் தரையில் சம்மணமிட்டு வாசிப்பேன். கோவளம் சர்ச்சில் வாசிக்கிற அண்ணன் வயலினை முகவாயில் இடுக்கிக்கொண்டு நின்றே வாசிப்பார். மிருதங்கம் என் வீட்டுக்காரர். முதலில் என் ஆலாபனை, நடுவில் கோவளத்து அண்ணன் சர்ச்சில் வாசிக்கிற ஞானப்பாட்டு மெட்டு, கடைசியில் சதுரங்கப்பட்டினத்தில் கரைவலை இழுப்பவர்களின் தாளம்.

சபா காரியதரிசிக்கு இது பிடிக்கவே இல்லை. "ஜனங்க பாதியில எழுந்து போய்ட்டாங்கன்னா, அப்புறம் இந்த மேடைய நீங்க மறந்துட வேண்டியதுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

ஆலாபனை நன்றாகவே போயிற்று. ஞானப்பாட்டு மெட்டைச் சுற்றி வந்து இரண்டு வயலினும் சேர்ந்து இறங்கிய இடம் அசல் மத்தியமாவதி. கச்சேரியை முடித்துவைக்கிற ராகம். ஒத்திகையில் எங்களுக்கு உறைக்கவில்லை, சபைக்கு உறைத்துவிட்டது. மங்களம் ஆரம்பித்தாயிற்று என்று நினைத்து, துண்டை உதறித் தோளில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, மொத்தக் கூட்டமும் எழுந்தது. மேடை போயிற்று என்றே நினைத்தேன்.

கோவளத்து அண்ணனுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. வில்லை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மரியாத பாத்தியா தங்கச்சி! எங்க சர்ச்சுல பாட்டுக்கு எழுந்து நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க!"

அவர்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரமும் இல்லை. "வலைய இழுங்க!" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் புரிந்துகொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தார். என் வயலின் கேட்க, அண்ணன் வயலின் பதில் சொல்ல, தாளம் ஏறிக்கொண்டே போயிற்று. வாசல் வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் குடைக்காம்பால் தூணில் தட்டத் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காரியதரிசியும் ஓரமாக உட்கார்ந்தார்.

அந்த மண்டபத்தில் எத்தனையோ பெரிய வித்வான்கள் மத்தியமாவதி வாசித்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகும் ஜனங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான்.