மூன்றாவது கையெழுத்து

போன் இணைப்பு விற்கிறவன் ஒரு நாள் உண்மை பேசினால் அன்றைக்கு ஒரு விண்ணப்பம்கூட நிரம்பாது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், தாம்பரத்தில் ஒரு தனியார் கம்பெனிக்காகப் பையும் படிவமுமாக மூன்று வருடம் அலைந்தேன். அந்தப் பக்கம் வாடகை வீடு மாறியவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். நீங்கள் பால் காய்ச்சி முடிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே "சார், போன், பிராட்பேண்ட்?" என்று நின்றவன் நான்தான்.

யார் பேரில் பில்?

சிட்லபாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன். புதிதாகக் குடிவந்த பேங்க் ஊழியர் மூன்று கம்பெனி நோட்டீஸையும் தரையில் பரப்பி, வேகம் என்ன, வாடகை என்ன என்று ஒரு மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்து எங்களைத் தேர்ந்தெடுத்தார். முகவரிச் சான்றுக்கு ஓனர் ஒரு கடிதம் தர வேண்டும். இருவருமாகக் கீழே இறங்கினோம். வீட்டுக்கார அம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "போன் பில் உங்க பேர்ல இந்த விலாசத்துக்கு வந்தா, நாளைக்கு வீடே உங்களுதுன்னு கோர்ட்டுக்குப் போக மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

பென்சில் குறி

எங்கள் படிவத்தில் மூன்று கையெழுத்து. போடவேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருப்போம். முதலாவது போனுக்கு, இரண்டாவது பிராட்பேண்டுக்கு. மூன்றாவது, பழைய கம்பெனியின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கடிதம். உங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று சொல்லி அதை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். யாரும் அதைப் படித்ததில்லை. நாங்களும் படித்துக் காட்டியதில்லை.

ராமலிங்கம் சார் ஓய்வுபெற்ற ஆசிரியர். குரோம்பேட்டையிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வீடு மாறியிருந்தார். புது இடத்துக்குப் பழைய நம்பர் வராது. "பழைய போனை அந்த வீட்டு ஓனர்கிட்டயே விட்டுட்டு வந்திருக்கேன். என் பொண்ணுக்கு அந்த நம்பர்தான் தெரியும்" என்றார். மகள் அவருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருடம். எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. இனிமேல் அப்பா என்று கூப்பிடாதே என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவள் எப்போதாவது கூப்பிட்டால் புது நம்பரைச் சொல்லும்படி பழைய ஓனரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மூன்று குறிகளையும் காட்டினேன். பழக்கதோஷம், மாதக் கடைசி வேறு. மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார்: "அவ இதெல்லாம் படிச்சவ. பிராட்பேண்ட் வந்தப்புறம் இதுல தேடினா கெடைப்பாளா தம்பி?"

ஒரு துளை

படிவம் மறுநாளே போய்விட்டது. வயர்தான் வீட்டுக்குள் போகவில்லை. சுவரில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். அதற்குப் புது வீட்டு ஓனரிடம் ஒன்றரை மாதம் நடந்தேன். அது நல்ல மழைக்காலம். இதற்கு நடுவில் குரோம்பேட்டைப் போன் செத்துப்போனதாகப் பழைய ஓனர் சொல்லியனுப்பினார். மழைக்கு எல்லார் வீட்டுப் போனும்தான் செத்துக் கிடந்தது, அதனால் சாரும் கவலைப்படவில்லை, நானும் யோசிக்கவில்லை. புது ஓனர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு, நீங்க டிரில்லிங் மெஷினோட வந்து நிக்கறீங்க."

முதல் அழைப்பு

கடைசியில் வென்டிலேட்டர் வழியாக வயரை இழுத்தோம். டயல் டோன் வந்ததும் சார் முதலில் கூப்பிட்டது பழைய நம்பரை. மணி அடித்தது. முகம் மலர்ந்தவர், சற்று நேரத்தில் ஒன்றும் புரியாமல் ரிசீவரை என்னிடம் நீட்டினார். எதிர்முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை.

"இது புது லைன் சார், வந்து பத்து நாள் ஆவுது" என்றார் கடைக்காரர். "ஒரே பேஜாராக் கீது. நேத்துகூட ஒரு பொண்ணு, அப்பா இருக்காரான்னு கேட்டுச்சு. ராங் நம்பர்னு வெச்சிட்டேன்."

மூன்றாவது கையெழுத்து அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் கொடுக்கும்படி, சாரின் புது நம்பரைக் கடைக்காரரிடம் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ராங் நம்பர் என்ற பதிலைக் கேட்டவள் மறுபடி கூப்பிடுவாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பிறகு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்பது உட்பட. அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்பான்னுதான் கேட்டாளா தம்பி?"

எங்கள் கம்பெனி ஏற்றுக்கொண்ட வேலைகளில் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல், ஒரு குறையுமில்லாமல் முடிந்தது அந்தத் துண்டிப்பு ஒன்றுதான்.