வேலை போனதற்கு மட்டன் ரோல்ஸ்

உங்களை வேலையை விட்டு அனுப்பினால் என்ன செய்வீர்கள்? கதவை அடித்துச் சாத்துவீர்கள்... வாய்க்கு வந்தபடி திட்டுவீர்கள். எங்கள் யோகன் மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனார்!

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எனக்கு மேல்வீட்டுக்காரர். புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் பல வருட வேலை. டொலர் ஏறிவிட்டது, ஓர்டர் குறைந்துவிட்டது, இனி வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் ஒருநாள் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். கடிதம் கிடிதம் ஒன்றுமில்லை.

மறுநாள் யோகன் யூனிபோர்மைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, திருப்பிக் கொடுக்கப் போனார். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். மாசமாயிருக்கும் மனைவி இருந்து சுருட்ட, இவர் நின்று பொரித்தாராம். எல்லோருக்கும் கொடுத்து, கைகுலுக்கி, சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

பிறகென்ன? வேலை இழந்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் அன்எம்ப்ளாய்மென்ட் காசு கேட்டால், கிடையாது என்று பதில். அவர் தானாகவே விலகினார் என்கிறது கொம்பனி; தானாக விலகினவருக்கு அந்தக் காசு இல்லையாம். பிள்ளை பிறக்கும் நேரத்தில் அந்தக் காசும் இல்லையென்றால் வாடகைக்கு எங்கே போவது? அப்பீல் செய்தார். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துப்போனார்.

விசாரிக்க மூன்று பேர் இருந்தார்கள். சூப்பர்வைசரும் வந்திருந்தார்.

"விருந்து வைத்துவிட்டுப் போனவர் இவர். வேலையால் நிறுத்தினால் யாராவது அப்படிச் செய்வார்களா?" என்றார் அவர். நியாயமான கேள்விதானே! எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

யோகன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, கூட வேலை செய்த ஆக்களோட ஒரே மேசையில இருந்து சாப்பிட்டனான். சொல்லாமல் கொள்ளாமல் எப்பிடி வாறது? நிப்பாட்டினது கொம்பனி. அந்தச் சனம் எனக்கு என்ன செய்தது?"

சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். விசாரிப்பவர்களில் நடுவில் இருந்த அம்மா சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் ரோல்ஸ் தந்தாரா?"

"தந்தார்."

"வாங்கும்போது என்ன சொன்னீர்கள்?"

பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "மன்னித்துக்கொள் என்றேன்."

"தானாகப் போகிறவரிடம் எதற்கு மன்னிப்பு?"

 

திரும்பி வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் யோகனுக்கு இந்த அலைச்சலே இல்லை. மரியாதையாகப் போனால் விருப்பத்தோடு போனதாக எழுதிவிடுகிறார்கள் — இங்கே மட்டுமா, வீடுகளிலும் அப்படித்தான்.

போன கிழமை முடிவு வந்தது. காசு உண்டு! யோகன் கையில் ஒரு பெட்டியோடு படியிறங்கி ஓடிவந்தார்.

"அண்ணை, விசாரிச்ச ஒபிசுக்கு இந்த ரோல்ஸைக் குடுப்பமே?"

"ஐயோ, சும்மா இரும் ஐசே!" என்று பெட்டியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.